நெப்ராஸ்காவில் ஒரு போச்சு

மே 1, வியாழன்

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். கோபத்தை உள்ளே பூட்டி வைக்காதே, தினமும் எழுதித் தள்ளு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, எழுதுகிறேன். என் கோபத்தின் பெயர் கிளீட்டஸ். என் வீட்டுக்காரர்தான். குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர்க்காரர். அந்த ஊரில் பிள்ளை நடக்கத் தொடங்கும் முன்பே பந்தை உதைக்கும். நான் பாளையங்கோட்டைக்காரி. பந்து என்றால் அடுத்த வீட்டுச் சன்னலை உடைக்கிற சாமான் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஒன்பது வருஷமாக நெப்ராஸ்கா மாநிலத்தில், கிராண்ட் மில்ஸ் என்கிற இந்தச் சின்ன ஊரில் கிடக்கிறோம். அவருக்கு இறைச்சி ஆலையில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எனக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை. ஊரைச் சுற்றிச் சோளக்காடு. முருங்கைக்காய் வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு அரை நாள் அலைய வேண்டும்.

இந்த ஊருக்கென்று முட்டை வடிவத்தில் ஒரு பந்து இருக்கிறது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்கள். அதற்குத்தான் ஃபுட்பால் என்று பெயர். நம்முடையது சாக்கர். அந்தப் பெயரைச் சொன்னாலே, "ஓ, என் பேத்தி ஆறு வயசு வரைக்கும் ஆடினா" என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்த மனுஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாக்கர் கிளப் ஆரம்பித்தார். ஆலையில் கூட வேலை பார்க்கிற குவாத்தமாலாக்காரர்கள், சோமாலியாக்காரர்கள்தான் ஆட்டக்காரர்கள். கோடைக்கால லீகில் ஆடுகிறார்கள். பார்க்க அவர்களுடைய பெண்டாட்டிகள்கூட வருவதில்லை.

மே 2, வெள்ளி

இன்று ஒரு நல்ல செய்தி. நகர மைதானத்தைக் கவனிக்கிற குழு கிளீட்டஸைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறது. ஜூலை வரைக்கும் பார்ப்பார்களாம். ஊர்க்காரர்கள் வந்து உட்காராவிட்டால், அடுத்த வருஷத்திலிருந்து மைதானம் சிறுபிள்ளைகளின் முட்டைப்பந்துப் பயிற்சிக்குப் போய்விடுமாம்.

அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. சமயம் பார்த்து நானும் ஒரு போடு போட்டேன். "மைதானம் இல்லன்னா கிளப்பும் இல்ல. அப்போ நாம நியூ ஜெர்சிக்குப் போயிரணும். என்னங்க, சரியா?" நியூ ஜெர்சியில் என் அக்கா ரெஜினா இருக்கிறாள். தமிழில் பூசை உண்டு. மூன்று தமிழ்க்கடை உண்டு. தெருவில் இறங்கினால் நம் பேச்சு காதில் விழும்.

"சரி பிள்ளே. மைதானம் கிட்டலன்னா போவோம். கிட்டிச்சின்னா இங்கதான், பாத்துக்கோ" என்று கையடித்துக் கொடுத்தார். கூடவே ஒரு விண்ணப்பம். மைக்கில் அறிவிப்பு சொல்ல ஆள் இல்லையாம். எப்படியும் கடைசி வருஷம்தானே, போய்த் தொலைகிறது என்று ஒத்துக்கொண்டேன். உடனே அக்காவைக் கூப்பிட்டு, வீடு பார்க்கத் தொடங்கு என்று சொல்லிவிட்டேன்.

மே 10, சனி

முதல் ஆட்டம். இரும்புப் படிக்கட்டு வரிசைகள் காலியாகக் கிடந்ததைப் பார்க்க மனசுக்கு எவ்வளவு நிம்மதி! மைதானக் குழுவின் தலைவர் டேல் ஹோஃப்மன் ஆள் கணக்கெடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் முட்டைப்பந்து சொல்லிக் கொடுத்தவர். கூட அவர் மனைவி லோரெட்டா, கையில் பின்னல் ஊசியோடு. டேல் பேசுவதெல்லாம் எனக்கு எங்கள் பெரியப்பா பேசுவது மாதிரியே கேட்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்மா ஜாசிண்டா" என்றார். என் பெயர் ஜெசிந்தா. ஒன்பது வருஷத்தில் ஒருத்தர் வாயிலும் அது சரியாக வந்ததில்லை. "எங்க ஆட்டத்துல நேரம் கொறஞ்சுக்கிட்டே வரும், இங்க கடிகாரம் கீழ இருந்து மேல ஓடுது. தொண்ணூறு நிமிசம்ங்கானுவ, தொண்ணூறு ஆனபொறவும் ஓடுதானுவ. எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்?"

நடுவருக்குத் தெரியும் என்றேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "ரெண்டு மணி நேரம் உக்காந்து, யாருமே ஜெயிக்காம வீட்டுக்குப் போணுமா? இதுக்கு நான் வீட்டுல புல்லு வெட்டியிருப்பேனே!"

நியாயமான மனிதர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மே 17, சனி

வெளியூர் ஆட்டம். நான் போகவில்லை. வற்றல் போட்டேன். அவர்கள் தோற்றார்கள், வற்றல் நன்றாகக் காய்ந்தது.

மே 24, சனி

மானமே போயிற்று. எழுதவே கை கூசுகிறது.

இரண்டாம் பாதி. எங்கள் பக்கம் ஆள் மாற்றியதை அறிவித்துவிட்டு மைக்கை அணைத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது அப்தி பந்தோடு ஓடினான். சோமாலியாக்காரன், ஒல்லிப்பிச்சான், ஆனால் கால் கால் அல்ல, காற்று. இரண்டு பேரைத் தாண்டி, கோல் காக்கிற கோலியையும் தாண்டி அடித்தான். பந்து கம்பத்தில் "டங்" என்று பட்டு வெளியே போனது.

"அய்யய்யோ, போச்ச்ச்சு!"

அது என் குரல். நாலு ஒலிபெருக்கியிலும், சோளக்காட்டைத் தாண்டி நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டிருக்கும். ஆட்டக்காரர்களே நின்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படியே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

இடைவேளை எல்லாம் முடிந்துவிட்டதே, யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்று பார்த்தால், ஆட்டம் முடிந்ததும் லோரெட்டா வேகவேகமாக வந்தாள். "நீ சொன்னியே, அந்த வார்த்த. அது என்னது?"

என்ன சொல்ல? பால் பொங்கி வழிந்தால் சொல்வோம், பஸ்ஸை விட்டால் சொல்வோம் என்றா? வாயில் வந்ததை அளந்துவிட்டேன். "அது சாக்கர் வார்த்தைதான். கோல் ஆகியிருக்கணும், ஆகல. அதுக்குப் பேரு அது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கு ஒரு பேரு இருக்கா! யாரும் சொல்லவே இல்லியே! நான் இத்தன நாளா ஒண்ணுமே நடக்கலன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது கிளீட்டஸ் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "நமக்குக் கோல் விழலன்னா உனக்கு நியூ ஜெர்சிதானே? பொறவு என்னத்துக்குடி அந்தக் கத்து கத்தின?"

தொண்டையில் ஏதோ சிக்கியது என்றேன். அவர் விசில் அடித்துக்கொண்டே வந்தார். எரிச்சலாக இருந்தது.

ஜூன் 7, சனி

லோரெட்டா சும்மா இருக்கவில்லை. தையல் குழுவில் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அந்தக் குழு முழுக்க வந்து இறங்கியது, ஆளுக்கு ஒரு புருஷனோடு. டேல், பேஸ்பால் பார்க்கும்போது ஒவ்வொரு வீச்சையும் குறிப்பாரே, அந்த அட்டையைக் கொண்டுவந்திருந்தார். அதில் கோலுக்கு ஒரு கட்டம், போச்சுக்கு ஒரு கட்டம். இந்த ஊர்க்காரர்களுக்கு எதையாவது குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாக்கரில் குறிக்க ஒன்றும் இல்லாததுதான் இத்தனை நாளும் அவர்களுடைய வயிற்றெரிச்சல் போல.

பிறகு பஞ்சாயத்து என்னிடம் வந்தது. எங்கள் குவாத்தமாலாப் பையன் ஒருத்தன் அடித்தது வேலியைத் தாண்டிப் பறந்தது. டேல் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது போச்சுதானே?" என்று கீழேயிருந்து கத்தினார். எனக்கு வந்ததே கோபம். "இல்ல! அது வெறும் தப்பு! கோல்னு நெனச்சுப் பாதி எந்திரிச்சிட்டு, பொறவு அப்படியே உக்காரணும். வயித்துல ஒரு இழுப்பு இழுக்கணும். அதுதான் போச்சு!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். டேல் கட்டத்தில் போட்டதை அழித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் முந்நூற்றுச் சொச்சம் கண்... இல்லை, அவ்வளவு இல்லை, ஒரு ஐம்பது பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதனால் நான் பந்தைக் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. வேறு வழி? ஆஃப்சைடு என்றால் என்ன என்று வீட்டில் கிளீட்டஸிடம் கேட்டேன். அறிவிப்புக்காகத்தான் கேட்டேன். உப்பு டப்பா, மிளகு டப்பா, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் மேசையில் நிறுத்தி அவர் விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

கிளினிக்கில் எங்கள் டாக்டர் கையிலிருந்து ஒரு பல் உறை நழுவித் தரையில் உருண்டது. "போச்சூ!" என்றார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர் பயந்து எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தது நான்தான்.

ஜூன் 14, சனி

வெளியூர் ஆட்டம். போனேன். கிளீட்டஸுக்கு முதுகு வலி, காரை யாராவது ஓட்ட வேண்டுமே.

ஜெயித்தோம்.

ஜூன் 19, வியாழன்

லீக் அலுவலகத்திலிருந்து கிளீட்டஸைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்கள். பந்து ஓடும்போது அறிவிப்பாளர் மைக்கில் வாய் திறக்கக் கூடாது என்று விதியாம். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்.

நல்லதுதான். என் குரல் இல்லாவிட்டால் ஊர் பழையபடி தூங்கப் போய்விடும், படிக்கட்டு காலியாகும், நியூ ஜெர்சி. நான் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் அந்த அலுவலகத்துக்காரனுக்கு என்ன தெரியும்? குளிரூட்டின அறையில் உட்கார்ந்துகொண்டு விதி பேசுகிறான்! ஒரு நாளாவது இங்கே வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறானா? மூஞ்சியும் முகரையும்.

ஜூன் 21, சனி

மைக்கை அணைத்து, ஒயரையே பிடுங்கி வைத்துவிட்டேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கட்டு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

அரை மணி நேரம் சவக்களை. பிறகு அப்தி மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினான். பந்து வலையின் வெளிப்பக்கம் உரசிக்கொண்டு போனது. எனக்கு உள்ளே என்னமோ எழும்பியது, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"போஓஓ-ச்சூ!"

நான் இல்லை. அவர்கள். சோள விவசாயிகள், தையல் குழுப் பெண்கள், பெட்ரோல் பங்க் நடத்துகிற மீசைக்காரர், எங்கள் பல் டாக்டர். மொத்தப் படிக்கட்டும் எழுந்து, தலையில் கை வைத்து, ஒரே மூச்சில். "சு"வைச் "சூ" என்று இழுத்து நாசமாக்கினார்கள்தான். ஆனால் அது என் வீட்டு அடுக்களை வார்த்தை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

கிளீட்டஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. அப்தியை இடது பக்கம் ஆடவிட்டால் என்ன?

ஜூலை 5, சனி

அக்கா வீடு பார்த்துவிட்டாள். கோயிலுக்கு நடந்தே போகலாமாம். மாடியில் இரண்டு அறை, பின்னால் தோட்டம், பக்கத்து வீட்டில் நாங்குநேரிக்காரர்கள். "ஏட்டி, வீட்டுக்காரன் இந்த மாசம் பாதி வரைக்கும்தான் காத்திருப்பானாம். அங்க அந்தக் குழு எப்ப முடிவு சொல்லுது?" என்று கேட்டாள்.

பதினாலாம் தேதி என்றேன். "அவரு கிளப்பு ஊத்திக்கிட்டா உனக்குக் கொண்டாட்டம்தானே?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை. கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது.

ஜூலை 12, சனி

கடைசி ஆட்டம். ஓமஹாவிலிருந்து வந்த அணி. அவர்கள் கோலி இருக்கிறானே, பனைமரம். எதை அடித்தாலும் பிடித்தான்.

படிக்கட்டு நிறைந்து, ஆட்கள் வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முந்நூறு பேராவது இருக்கும். சின்னப் பிள்ளைகள் முதுகில் "POCHU" என்று எழுதிய பனியன். எழுத்தைப் பார்த்தால் யாராவது "பொச்சு" என்று படித்துவிடப் போகிறார்களே என்று எனக்கு ஒரு பக்கம் பதைப்பு. நல்லவேளை, ஊரில் தமிழ் படித்த ஆள் வேறு யாரும் இல்லை.

தொண்ணூறு நிமிஷம் ஓடிவிட்டது, பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கடைசி நேரத்தில் அப்தி இடது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்தான். ஆமாம், இடது பக்கம். அவன் அடித்த அடி வளைந்து வளைந்து மேல் மூலைக்குப் போனது. அந்தப் பனைமரம் விரல் நுனியில் தட்டியது, பந்து கம்பத்தில் பட்டது, கோட்டில் உருண்டது, ஒருத்தன் உதைத்து வெளியே தள்ளினான்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுத? நானும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். மைக் இல்லாமலே.

நடுவர் ஊதினார். யாரும் ஜெயிக்கவில்லை, ஒரு கோல்கூட இல்லை, ஆனால் ஒருத்தரும் கிளம்பவில்லை! நின்று கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஓமஹா கோலிக்கும் தட்டினார்கள். டேல் அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "போச்சு ஏழுக்கு நாலு! நாமதாம்மா மேல!" என்றார். புல்லு வெட்டும் பேச்சே இல்லை.

ஜூலை 14, திங்கள்

குழுக் கூட்டம். காலையிலேயே முடிவு செய்துவிட்டேன்: வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். நான் கெடுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நடப்பது நடக்கட்டும்.

முட்டைப்பந்துப் பயிற்சிக்காரர் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். பிள்ளைகள், ஒழுக்கம், ஊர்ப் பெருமை. பிறகு கிளீட்டஸை அழைத்தார்கள். இயந்திரம் பழுது பார்க்கச் சொன்னால் இந்த மனுஷன் சிங்கம். நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசச் சொன்னால் வேர்த்துக் கொட்டிவிடும். "எங்க கிளப்பு... நல்ல பசங்க..." என்று இரண்டு தடவை சொன்னார். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அந்தச் சட்டையை நான்தான் காலையில் தேய்த்துக் கொடுத்தேன்.

குழுவில் ஒரு அம்மா, ஆட்டத்துக்கே வராதவள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டாள்: "ஊரெல்லாம் ஒரு வார்த்தையைக் கத்துகிறார்களே, அது சாக்கர் விதிப்புத்தகத்தில் இருக்கிறதா?"

கிளீட்டஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். காப்பாற்று என்று பார்க்கவில்லை. நீ சும்மா இரு, வாக்கு வாக்குதான் என்று கண்ணாலேயே சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"இல்லம்மா. அது விதி இல்ல. நான்தான் லோரெட்டாகிட்டப் பொய் சொன்னேன். அது எங்க பாஷ. 'கைவிட்டுப் போயிட்டு'ன்னு அர்த்தம். பால் பொங்கினா சொல்லுவோம். பஸ்ஸு போனா சொல்லுவோம். கரண்டு போனாலும் அதுதான். சொல்லிட்டு அடுத்த வேலயப் பாக்கப் போயிருவோம்."

"அப்ப கோடை முழுக்க நாங்க 'போயிட்டு, போயிட்டு'ன்னா கத்தினோம்?" என்றார் டேல்.

"ஆமா."

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, அதனால் நிறுத்தாமல் பேசினேன். "இந்த ஊருக்கு வந்து ஒம்பது வருசம். என் பேரக்கூட ஒருத்தரும் சரியாச் சொன்னதில்ல, நானும் திருத்தல. இங்க என் பாஷ பேசுறது ரெண்டே பேரு, நானும் இவரும். ஆனா சனிக்கிழம மட்டும் முந்நூறு பேரு பேசுதீங்க. எனக்கு இந்த ஆட்டம் புடிக்காது. மைதானம் கிடைக்கலன்னா நாங்க வேற ஊருக்குப் போறதாப் பேச்சு. போணும்னுதான் நான் ஆசப்பட்டேன். இப்ப என்ன செய்யன்னு தெரியல. மைதானத்த அவருக்குக் குடுத்துருங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டெடுத்தார்கள். இரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் வேண்டும். மிச்சம் டேல். அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "எனக்கு இன்னும் அந்தக் கடிகாரம் புரியல" என்றார். "ஆனா ஜெசிந்தா போயிட்டான்னா எது போச்சு, எது போச்சு இல்லன்னு யாருகிட்ட கேப்பேன்?" கையைத் தூக்கினார்.

ஜெசிந்தா என்றார். சரியாக.

ஜூலை 15, செவ்வாய்

கிளீட்டஸ் நேற்றிலிருந்து நல்ல பிள்ளையாக இருக்கிறார். பாத்திரம் கழுவினார். சாப்பிட்டு முடித்ததும், "பிள்ளே, வாக்க விடு. உனக்கு ஆசன்னா போவோம். நியூ ஜெர்சிலயும் பந்து உருளத்தானே செய்யும்" என்றார். கிளப்பை அப்தி பார்த்துக்கொள்வானாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் அலையட்டும், இந்த மனுஷன் என்னை ஒன்பது வருஷம் அலையவிட்டாரே.

ஜூலை 16, புதன்

அக்காவைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள். வீட்டுக்காரன் முன்னால் தன் மானம் போனதிலிருந்து, எனக்காகப் பார்த்து வைத்த அலமாரி வரைக்கும் விடவில்லை. நான் பேசாமல் கேட்டுக்கொண்டேன். திட்டட்டும், அவளுக்கு உரிமை உண்டு.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "தமிழ்ப் பூச இல்ல, கட இல்ல, பேச நாதி இல்ல. அந்தக் காட்டுல கெடந்துக்கிட்டு, எவனோ பந்து ஒதைக்கதப் பாக்கப்போறேங்கிற. ஏட்டி, உனக்கு என்ன, கிறுக்கா புடிச்சிருக்கு?"

"ஆமாக்கா" என்றேன். "புடிச்சிருக்கு."